முசுறுகளுக்கு இரண்டு கால் குறைந்த கதை

ஒரு காட்டில், நாவல் மரத்து உச்சியில், முசுறு எறும்புகள் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டி வாழ்ந்துவந்தன. நல்ல உழைப்பு, சுள்ளென்று கோபம்.

ராஜா சிங்கத்துக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மரத்தில் குடியிருப்பவர்கள் இன்னார் என்று வகைச் சான்றிதழ் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் தரைக்கு இறங்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். அன்றைக்குத்தான் மழை பிடிக்கும். தரையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், அதுவும் யானையின் முழங்கால். கூட்டிலோ நானூறு குஞ்சுகள். கூட்டின் மேஸ்திரி செங்கமலம் அன்றைக்கே சான்றிதழுக்கு மனுப் போட்டாள்.

எறும்புகளை வகைப்படுத்த வந்த அதிகாரி யார் தெரியுமா? எறும்புதின்னி! எறும்பைப் பற்றி அவரளவுக்கு அனுபவம் யாருக்கு உண்டு என்றார்கள். நியாயம்தானே? எறும்பு என்று பதிவேட்டில் ஏறியவரை மட்டுமே அவர் சாப்பிடலாம் என்று ஒரு விதியும் இருந்தது. உத்தரவின் அடியில் எறும்பளவு எழுத்தில் இருந்ததால் எறும்புகள்கூடப் படிக்கவில்லை.

“மாதிரிக்கு ஒருவரை அனுப்பு. அவரைப் போல இருப்பவர்கள் எல்லாரும் எறும்பு” என்றார் அதிகாரி.

செங்கமலம் கூட்டைச் சுற்றிப் பார்த்தாள். இழுப்பவர் இழுக்க, தைப்பவர் தைக்க, ஒருவருக்கும் ஒழிவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தவன் கனகசபை மட்டும்தான். ஆள் பளபளவென்று இருப்பான். ஒரு இலையைக்கூடத் தொட்டதில்லை.

“ஏப்பா கனகசபை, உனக்குத்தான் வேலையில்லையே, நீ போயிட்டு வா.”

அங்கேதான் கோட்டை விட்டாள். வேலை செய்யாத முசுறு உண்டா? அவன் எறும்பு வேஷம் போட்ட சிலந்தி. முன்னங்கால் இரண்டை மீசை மாதிரித் தூக்கிக்கொண்டு திரிந்ததை, வேலை மும்முரத்தில் யார் கவனித்தார்கள்?

அதிகாரி நாற்காலி கொடுத்தார். உட்கார்ந்த சொகுசில் எட்டுக் காலையும் நீட்டிவிட்டான் கனகசபை. ‘எறும்பு: கால் எட்டு. சுறுசுறுப்பு இல்லை’ என்று எழுதி முத்திரை குத்தினார் அதிகாரி.

மறுநாள் செங்கமலத்தின் முறை.

“இரண்டு கால் குறையுதேம்மா.”

“ஐயா, அவன் சிலந்திங்க! எறும்புக்கு ஆறு கால்தான்.”

“முத்திரை குத்தியாச்சே.”

“அப்போ நாங்க யாருங்க?”

அதிகாரி யோசித்தார். வாசம் மரத்தில், தொழில் இலை தைப்பது. ‘தையல்சிட்டு’ என்று எழுதினார். சிறகு என்ற கட்டத்தில், ‘பிறகு சமர்ப்பிக்கப்படும்’.

மரம் தப்பியது. மானம்? “பரம்பரை பரம்பரையா எறும்பா இருந்துட்டு, இப்போ சிட்டாம்ல சிட்டு!” என்று பொருமிய செங்கமலம், வியாழக்கிழமை திருத்த மனுவோடு இறங்கினாள்.

அலுவலக வாசலில் கனகசபை சான்றிதழை ஆட்டிக்கொண்டிருந்தான். “காட்டிலேயே சட்டப்படி எறும்பு நான் ஒருத்தன்தான்!”

அதிகாரி மூன்று நாள் பட்டினி. சான்றிதழை வாங்கினார். பெயர், படம், முத்திரை, எல்லாம் சரி. நாக்கை நீட்டினார்.

“சார், சார், நான் சிலந்தி!”

“கடைசி நேரத்தில் எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க.”

வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். “என்னம்மா, திருத்தம் ஏதாவது உண்டா?”

செங்கமலம் மனுவை நாலாக மடித்து விழுங்கினாள். பிறகு, “கீச்” என்றாள்.

வெள்ளிக்கிழமை மழை கொட்டித் தீர்த்தது. மரத்தில் நானூறு சிட்டுக்குஞ்சுகளும் சௌக்கியம்.

நீதி: பதிவேட்டில் உங்களைத் தப்பாக எழுதியிருந்தால் திருத்தப் போகாதீர்கள். சான்றிதழில் எல்லாம் சரியாக இருப்பவரைத்தான் முதலில் தேடி வருவார்கள்.