இல்லாத பீரோ

சக்கரத்துக்கும் மின்சாரத்துக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் கண்டுபிடித்தவற்றில் தலைசிறந்தது கொலைகாரனின் குழந்தைப் பருவம்தான். இதில் விவரம் தெரிந்தவர்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. முன்பெல்லாம் ஒருவன் கொலை செய்தால், ஏன் செய்தாய் என்று அவனிடமே போய்க் கேட்டார்கள். அவனும் ஆத்திரம், பயம், பொறாமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான். ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை வாரம் நிகழ்ச்சி நடத்த முடியும்?

இந்த அவல நிலையை மாற்றியவர் நிபுணர். எதில் நிபுணர் என்று கேட்பது நாகரிகமல்ல. 'குற்ற மனவியல்' என்ற பாடத்தைக் கணினி முன் உட்கார்ந்து படித்து முடித்து, சான்றிதழைக் கேமராவில் விழும் உயரத்தில் சுவரில் மாட்டியிருக்கிறார். அதற்கு முன் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றார். "உங்கள் குழாயில் என்ன ஓடுகிறது, தெரியுமா?" என்று வீடு வீடாகக் கேட்டு ஜனங்களின் அடிவயிற்றைக் கலக்கிய அதே கனத்த குரலில், இப்போது "உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மனதில் என்ன ஓடுகிறது, தெரியுமா?" என்று கேட்கிறார். 'கொலையாளியின் உள்ளறை' என்ற அவருடைய நிகழ்ச்சி தொலைக்காட்சியில் வாராவாரம் வருகிறது. அது வரும் நேரத்தில் யார் வீட்டு அழைப்புமணியை அடித்தாலும் கதவு திறக்காது.

இப்பேர்ப்பட்ட விஞ்ஞானத்தை எதிர்த்து நின்றவள் ஒரு தையற்காரி. ஜன்னலுக்கும் கதவுக்கும் திரை தைத்துக் கொடுக்கும் கடையில் வேலை. கடையில் எல்லோருக்கும் அவள் திரைக்காரம்மா. கணவன் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. ஒரே மகன்; ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தான்.

அந்த மகன் ஒருநாள் இரண்டு பேருடைய ரத்தக் குப்பிகளை மாற்றி வைத்து, நோயில்லாத ஒருவருக்கு நோய் இருப்பதாகச் சீட்டு கொடுத்துவிட்டான். கூட வேலை பார்த்த பெண் அதைக் கண்டுபிடித்தாள். முதலாளியிடம் சொல்லத்தான் போகிறேன் என்றாள். சாமான் அறையில் அவள் திரும்பி நின்ற சமயம் பார்த்து, குப்பிகள் மாட்டும் இரும்புத் தாங்கியால் பின்னந்தலையில் அடித்தான். அவள் இறந்துபோனாள். பிறகு எல்லோரிடமும், அந்தப் பெண் போன் பேசிக்கொண்டே ஏணியில் ஏறினாள், வழுக்கி விழுந்தாள் என்று சொன்னான்.

அன்று வீட்டுக்கு வந்து, போட்டதைச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினான். அவன் அப்படித் தூங்கியதுதான் திரைக்காரம்மாவுக்கு என்னவோ போலிருந்தது. காலையில் சட்டையை ஊறவைக்க எடுத்தவள், அவனை எழுப்பினாள்.

"ஏணியில இருந்து விழுந்தான்னு சொன்னியே, அப்போ நீ எங்க நின்ன?"

"வெளியில. சத்தம் கேட்டுத்தான் உள்ள போனேன்."

"தூக்கினியா?"

"இல்லம்மா. பயமா இருந்துச்சு, கிட்டயே போகல."

"கிட்டயே போகாதவனோட மடிச்சுவிட்ட சட்டைக் கைக்குள்ள ரத்தம் எப்படிடா வரும்?"

அவன் சட்டையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "சொல்லிக் குடுத்துடுவாம்மா. வேலை போயிடும். அப்புறம் எவனும் சேத்துக்க மாட்டான்" என்றான்.

திரைக்காரம்மா சட்டையை நனைக்காமல் ஒரு பையில் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள். போகிற வழியெல்லாம் அழுதாள், ஆனால் திரும்பவில்லை.

இறந்த பெண்ணின் அம்மா கணக்கு டீச்சர். அவரைப் பார்க்கப் போகத் திரைக்காரம்மாவுக்குக் கால் கூசியது. போனாள். டீச்சர் அவளை உட்காரச் சொல்லவில்லை, விரட்டவுமில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"என் பொண்ணு வேலையில கவனமில்லாம செத்தான்னு எல்லாரும் பேசறாங்க. துக்கம் கேக்க வந்தவங்களே இந்தக் காலத்துப் பசங்களும் போனும்னு சொல்லிட்டுப் போறாங்க. போலீஸ் சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க. உங்க பையன் வாயால உண்மை வரணும். அவ்வளவுதான்."

"வரும் டீச்சர். நான் சொல்ல வைக்கறேன்."

சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று மகன் தலையாட்டினான். "சொல்லிடறேம்மா. நான்தான் அடிச்சேன், அவ மேல எந்தத் தப்பும் இல்லன்னு கோர்ட்டுல சொல்லிடறேன்." அவன் கண் கலங்கியிருந்தது. பெற்ற வயிறு கொஞ்சம் ஆறியது. வழக்கு அத்துடன் முடிந்திருக்கும். நல்லவேளையாக நிபுணர் குறுக்கிட்டார்.

நிபுணரின் நிகழ்ச்சிக்குச் சில 'அறிவியல் நியதிகள்' உண்டு. முதல் பகுதியில் சடலம். இரண்டாவதில் கைது. மூன்றாவதில் குழந்தைப் பருவம் வந்தே தீரவேண்டும். வராவிட்டால் விளம்பரதாரர்கள் வருத்தப்படுவார்கள். வேலைக்குப் பயந்து கொன்றான் என்பதெல்லாம் ஒரு காரணமா? வேலைக்குப் பயப்படுகிறவர்கள் பார்வையாளர்களிலேயே லட்சம் பேர் இருப்பார்கள். ஆகவே நிபுணர் தம் குழுவோடு திரைக்காரம்மாவின் வீட்டுக்கு எழுந்தருளினார்.

"சின்ன வயசுல பையன் எப்படிம்மா?"

"எல்லாப் பிள்ளைங்க மாதிரியும்தான் சார்."

"எல்லாப் பிள்ளைங்க மாதிரியும்னா? ஏதாவது அடி, உதை, பட்டினி?"

"பரீட்சையில தோத்தா ரெண்டு போடுவேன். அப்புறம் நானே உக்காந்து அழுவேன்."

நிபுணர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. "விளையாட்டு?"

"கண்ணாமூச்சி விளையாடுவான்."

"எங்க ஒளிஞ்சுக்குவான்?"

"பக்கத்து வீட்டு பீரோவுக்குப் பின்னாடி."

நிபுணர் கண்களை மூடிக்கொண்டார். உண்மை அவருக்குள் இறங்கும்போது அப்படித்தான் செய்வார்.

மூன்றாம் பகுதி ஒளிபரப்பானது. ஒரு நடிகை ஒரு சிறுவனைத் தரதரவென்று இழுத்துவந்து பீரோவுக்குள் தள்ளிப் பூட்டினார். பீரோவுக்குள்ளிருந்து 'அம்மா, அம்மா' என்று குரல் கேட்டது. அதன்மேல் நிபுணரின் குரல் ஓடியது: "அந்த இருட்டில் அன்றைக்கு ஒரு கொலைகாரன் பிறந்தான். தாயின் தொழிலைக் கவனியுங்கள். திரை தைப்பது. வாழ்நாள் முழுவதும் எதை மறைக்க முயல்கிறார் இந்தப் பெண்மணி?" பீரோவைத் தத்ரூபமாகத் தேர்ந்தெடுத்ததற்காகப் பத்திரிகைகள் பாராட்டின.

மறுநாள் திரைக்காரம்மா நிகழ்ச்சி அலுவலகத்துக்குப் போனாள். குளிரூட்டிய அறை. சுவர் முழுக்கப் புகழ்பெற்ற கொலைகாரர்களின் படங்கள், குலதெய்வங்கள் போல வரிசையாக. நிபுணர் எழுந்து நின்று வரவேற்றார்.

"சார், நான் என் பையனை பீரோவுல பூட்டவே இல்ல."

"உங்க வேதனை புரியுதும்மா."

"வேதனை இல்ல சார், எங்க வீட்டுல பீரோவே கிடையாது. துணியெல்லாம் கொடியில கிடக்கும். மீதி ஒரு தகரப் பெட்டியில."

நிபுணர் உதவியாளரைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "எழுதிக்கோ. பீரோ இல்லைங்கறதை இவ்வளவு வருஷம் கழிச்சும் துல்லியமா ஞாபகம் வெச்சிருக்காங்க."

"இல்லாததை யாராவது மறப்பாங்களா சார்?"

"அதுதாம்மா நானும் கேக்கறேன்."

"வாங்க, பக்கத்து வீட்டுல கேளுங்க."

"சாட்சி தயார் பண்றாங்க" என்றார் நிபுணர், உதவியாளரிடம். பிறகு அவள் பக்கம் திரும்பிப் பரிவோடு விளக்கினார். "இதுக்குப் பேரு மறுப்பு நிலை. செஞ்ச தாய்மார்கள் எல்லாருமே செய்யலன்னுதான் சொல்லுவாங்க."

"செய்யாத தாய்மார்கள் என்ன சார் சொல்லுவாங்க?"

நிபுணர் சற்று யோசித்தார். "அப்படி ஒருத்தர் இதுவரைக்கும் நம்ம நிகழ்ச்சிக்கு வந்ததில்லம்மா" என்றார்.

அதற்கடுத்த வாரம் 'மறுப்பு நிலை' என்ற தலைப்பில் அவளே ஒளிபரப்பானாள். திரைக்கடை முதலாளி, வாடிக்கையாளர் கண்ணில் படாமல் பின்னறையில் உட்கார்ந்து தைக்கச் சொன்னார். தெருவில் குழந்தைகளை அவளிடமிருந்து விலக்கி நடத்திப் போனார்கள். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரே கவலைதான்: கோர்ட்டில் மகன் சொல்ல வேண்டும். டீச்சரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

அடுத்த முறை சிறைக்குப் போனபோது மகனின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. சிறைக் கூடத்திலும் தொலைக்காட்சி உண்டு. அங்கே அவன் இப்போது முக்கியமான ஆள்.

"அம்மா, நீ என்னை பீரோவுல வெச்சுப் பூட்டினியே, ஞாபகம் இருக்கா?"

திரைக்காரம்மா வலைக்குக் கிட்டே வந்தாள். "நம்ம வீட்டுல பீரோ எங்கடா இருந்துச்சு?"

"இருட்டா இருந்துச்சும்மா. அந்துருண்டை வாசனை கூட ஞாபகம் வருது."

"அது பக்கத்து வீட்டு பீரோ. நீயாத்தான் ஓடிப்போய் அது பின்னாடி ஒளிஞ்சுக்குவ. என் கண்ணைப் பாத்துச் சொல்லு, நான் பூட்டினேனா?"

அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "நீ இப்படித்தான் சொல்லுவேன்னு நிபுணர் சொன்னாரு" என்றான்.

"சரிடா, பூட்டினேன்னே வெச்சுக்கோ. நான் பூட்டினதுக்கு அந்தப் பொண்ணு என்ன பண்ணினா? கோர்ட்டுல சொல்றேன்னு சொன்னியே."

"சொல்லத்தாம்மா போறேன். உள்ள இருக்கறதை எல்லாம் சொல்லப் போறேன்."

விசாரணை நாளில் கோர்ட்டில் நிற்க இடமில்லை. பின்வரிசையில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு இடம் தள்ளி, சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு திரைக்காரம்மா. முதலில் அரசு மருத்துவமனையின் தடயவியல் உளவியலாளர் கூண்டேறினார். ஜலதோஷம் பிடித்த, கைக்குட்டையும் கையுமான ஓர் அம்மாள். மகனைப் பல நாள் நேரில் உட்காரவைத்துப் பேசிய ஒரே ஆள் அவர்தான். அந்த ஒரு குறைபாட்டினாலேயே அவர் முடிவுகள் மிகச் சாதாரணமாக இருந்தன.

"செய்யறது என்னன்னு அவருக்குத் தெரியும். தப்புன்னும் தெரியும். மாட்டிக்க மாட்டோம்னு நெனச்சார்" என்றார்.

"குழந்தைப் பருவம்?" என்று மகனுடைய வக்கீல் கேட்டார்.

"இருந்தது. எல்லாருக்கும் இருக்கற மாதிரி."

"ஆழ்மனதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அங்கயும் இதேதான் இருந்தது" என்று சொல்லி மூக்கைச் சிந்தினார்.

கூட்டம் முகம் சுளித்தது. விஞ்ஞானத்தை இப்படியா கொச்சைப்படுத்துவது? முன்வரிசையில் நிபுணர் மிகுந்த மனவேதனையோடு தலையை ஆட்டினார்.

பிறகு நீதிபதி மகனைப் பார்த்து, சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டார். மகன் எழுந்து நின்றான். திரைக்காரம்மா முன்னால் சாய்ந்தாள். சொல்லிடுடா கண்ணா, ஒரு வார்த்தைதானே என்று உதட்டுக்குள்ளேயே கெஞ்சினாள்.

"அந்தச் சாமான் அறையில் அன்றைக்கு நான் இல்லை" என்று அவன் ஆரம்பித்தான். குரல் கனத்திருந்தது, தண்ணீர் இயந்திரம் விற்ற குரல். "அங்கே நின்றது பீரோவுக்குள் பூட்டப்பட்ட ஒரு சிறுவன். கதவை மூட வந்த ஒரு கையை அவன் தடுத்தான். அவ்வளவுதான். அந்தச் சிறுவனை நான் மன்னித்துவிட்டேன். பூட்டிய கையையும் மன்னிக்க முயற்சி செய்கிறேன்."

நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நிபுணர் துடைக்கவில்லை. கலைஞன் தன் படைப்பைப் பார்த்துத் தானே அழக்கூடாது.

நீதிபதிக்கு நிகழ்ச்சி பார்க்கும் பழக்கமில்லை போலும். சட்டையும் இரும்புத் தாங்கியும் போதும் என்று ஆயுள் தண்டனை விதித்தார். ஆனால் அந்தப் பெண் வழுக்கி விழவில்லை என்று மகன் வாயால் ஒரு வார்த்தை வரவில்லை. வெளியே வந்தவர்கள் அத்தனை பேரும் பீரோவைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனார்கள். டீச்சர் வராந்தாவில் ஒரு கணம் நின்றார்.

"சொல்ல வைக்கறேன்னு சொன்னீங்களே" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திரைக்காரம்மாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த வாரமே அவள் சிறைக்குப் போனாள். இன்னும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். கோர்ட்டில் சொல்லாததை டீச்சருக்கு நாலு வரி எழுதியாவது கொடுக்கலாமே. வாசலில் இருந்த காவலர் அவளை நிமிர்ந்து பார்த்தார், அடையாளம் தெரிந்துகொண்டார், கொஞ்சம் தள்ளி நின்றார். உள்ளே போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"பாக்க முடியாதும்மா."

"ஏன்ப்பா, உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் நல்லா இருக்கான். பாதிக்கப்பட்டவங்க, பாதிப்பு உண்டாக்கினவங்களைச் சந்திக்கக் கூடாதாம். மனசு மறுபடியும் காயப்படுமாம். நிபுணர் சொல்லியிருக்காராம்."

திரைக்காரம்மாவுக்கு முதலில் அது நியாயமாகத்தான் பட்டது. டீச்சர் அவனைப் பார்க்க வந்திருக்கிறார் போல, அதனால் இன்றைக்கு யாரையுமே உள்ளே விடவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள்.

"பாதிக்கப்பட்டவங்கன்னா யாரைப்பா சொல்றே?"

"உங்க பையனைத்தாம்மா. வேற யாரு?"

அவள் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அந்தப் பொண்ணு?"

காவலர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். நல்ல மனிதர்தான், தெரிந்தால் சொல்லியிருப்பார்.

"எந்தப் பொண்ணும்மா? நான் மூணாவது பகுதியில இருந்துதான் பாக்கறேன்" என்றார்.