கவலையில் ஏறிய ஒன்பது கிலோ

சாலை பஜார், திருவனந்தபுரம்
2.12.1997

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் சாம்பசிவன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கை புருஷன் வன்னியபெருமாள் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு உங்கள் தங்கை சொர்ணமும் பிள்ளைகளும் சுகம். நானும் சுகம்தான், பார்க்கிறவர்கள் கண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சுகம். விஷயமே அதுதான்.

நம்ம மக பூமாரிக்குத் தை மாசம் கல்யாணம் என்று முடிவானதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. மாப்பிள்ளைக்கு சார்ஜாவில் லீவு கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. கண்ணை மூடினால் மண்டபம் நிறைய ஆள், மணையில் மட்டும் மாப்பிள்ளை இல்லை. விடிய விடிய முழித்துவிட்டுக் கடையில் மூட்டை மேல் சாய்ந்து விழுவேன். அதைத் தெளியவைக்க ரெண்டு டீ, டீக்குத் துணையாக ரெண்டு பழம்பொரி, அதான் இங்கத்து வாழைப்பழ பஜ்ஜி. இப்படி மூணு மாசம். நேத்து அரிசி நிறுக்கிற தராசில் ஏறினேன். எண்பத்தேழு. வேட்டி சட்டையைச் சாக்கு எடையாக நினைத்து ஒரு கிலோ கழித்தும் ஒன்பது கிலோ கூடியிருக்கு மச்சான்.

சொர்ணம் என்ன சொல்றா தெரியுமா? "எங்கப்பா என் கல்யாணத்துக்கு முன்னால எலும்பும் தோலுமா போனாரு. ஒங்களுக்கு ஏது கவலை, சட்டைப் பித்தான்லா தெறிக்கு." அதோட என்கிட்ட யோசனை கேக்கிறதையே விட்டுட்டா. சேலை எடுத்தாச்சு, சமையலுக்கு ஆள் பேசியாச்சு, பத்திரிகை அச்சுக்குப் போயாச்சு. அதுல என் பேரு இருக்கான்னு நானே அச்சாபீசுக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேன்.

சரி, கவலை முகத்திலயாவது தெரியட்டும்னு தாடி வளத்தேன். மாசம் கார்த்திகைங்கிறதை யோசிக்கல. நாலாம் நாள் சுமட்டுக்காரன் பிஜு, "சாமி எப்போ மாலையிட்டு?"ன்னு கால்ல விழுந்துட்டான். மாலை சட்டைக்குள்ள கெடக்குன்னு அவனுக்கு நெனப்பு. நான் மறுக்கிறதுக்குள்ள முதலாளி வீட்டம்மா, சபரிமலை போற சாமிக்குன்னு தூக்குவாளி நெறைய பாயசம் அனுப்பிட்டாங்க. வேண்டாம்னு சொல்ல வாய் வரல. இப்ப தினமும் வருது. அந்த ஒன்பதுல ரெண்டு கிலோ ஐயப்பன் குடுத்தது.

கடைசியா இங்க ஒரு டாக்டரைப் பாத்தேன். தூக்கம் கெட்டா பசி கூடும், மனசுல டென்ஷனும் சேந்தா சிலருக்கு உடம்பு போடும்னார். எனக்கு அழுகையே வந்துட்டு. "நான் கவலைப்படுத அப்பன்தான்னு ஒரு சீட்டு எழுதித் தாங்க"ன்னேன். "மருந்துக்கு மாத்திரமே சீட்டு எழுதுள்ளூ"ன்னுட்டார், மருந்துக்கு மட்டும்தானாம்.

அதனால மச்சான், இது சோத்துல வந்த சதையில்ல, கவலையில வந்ததுன்னு உங்க தங்கச்சிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா, நீங்க சொன்னா கேப்பா.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், படுத்ததும் தூக்கம் வருகிற பாக்கியம் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
வன்னியபெருமாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை கேட்டேன். சொர்ணம் கடிதத்தை வாங்கிப் படிச்சுட்டா. பாயசம் வந்த இடத்துல சிரிச்சா. பெறகு, "எனக்கு மட்டும் தூக்கம் வருதாக்கும்?"னு கைவளையலை முழங்கைக்கு மேல ஏத்திக் காட்டினா. லேசா ஏறிட்டு, அந்த அளவுக்குக் கை மெலிஞ்சிருக்கு. மூணு மாசமா எதுக்க உக்காந்து சாப்பிடுதேன், நான் பாக்கல. ஆகவே மேலே கண்டதெல்லாம் தள்ளுபடி, அவ சொன்னதுதான் சரி. நீங்க எழுத வேண்டாம். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாடியே வந்து சேருங்க, அவ கொஞ்சம் தூங்கட்டும்.