பாதுகாக்கப்பட்ட கோலப்பன்

கட்சியை நம்பிக் கெட்டேன். சீட்டுக் கம்பெனியை நம்பிக் கெட்டேன். பழவங்காடியில் கோமதிநாயகம் கடைத் தோசையை நம்பி மட்டும் நான் ஒருநாளும் கெட்டதில்லை. அது இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது.

அந்தக் கடைக்குத்தான் கோமதிநாயகம் ஏசி போடப் போகிறேன் என்றான். குளிரை ஓசியில் கொடுப்பானா? அதற்கான வரியையும் வட்டியையும் தோசையில் போடுவான், தோசை சிறுக்கும். எதிர்க்கடை அப்படித்தான் கெட்டது. தோசைக்குள் சீஸ் வைத்து, மரப்பலகையில் கொண்டுவந்து வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் பலகை உட்காருவதற்கு.

ஆகவே, பொதுநலம் கருதி, தொன்மைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மனு கொடுத்தேன். பழைய கடை, இதில் எதையும் மாற்றக் கூடாது என்று கேட்டேன். உடனே நடவடிக்கை எடுத்தார்கள். என் வாழ்நாளில் ஒரு அலுவலகம் நான் கேட்டதைச் செய்தது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஸ்மிதா மேடம் என்று, மலையாளம் கலந்து பேசும் ஒரு அதிகாரி வந்தார். ஏசி கூடாது, சுவருக்குப் பெயின்ட் கூடாது, ஒழுகும் குழாயை அடைக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். ஒழுகுவதும் தொன்மைதானாம். நான் கை தட்டினேன். அப்போதுதான் மேடம் என்னைப் பார்த்தார்.

“இந்த அங்கிள் எத்தனை வருஷமாயிட்டு இங்கே இருக்கார்?”

“நான் பொறக்கதுக்கு முன்னாலேயே அந்த மூலையிலதான் இருக்காரு மேடம்,” என்றான் கோமதிநாயகம். ஏசி போன வயிற்றெரிச்சல் அவனுக்கு.

“அப்போ இவரும் கடையில உட்பட்ட சாதனம்தான். அங்கிள், இடம் மாறக் கூடாது, கேட்டோ.”

இவ்வாறாக, கோலப்பனாகிய நான் பாதுகாக்கப்பட்ட பொருளானேன். மாலை போடுவார்கள் என்று நினைத்து மறுநாள் சலவை வேட்டியில் போனேன். என்னைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்க டிக்கெட் போட்டார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். தோசை வரவில்லை.

“தொன்மையான கட்டடத்துக்குள்ள அடுப்பு பத்த வைக்கக் கூடாதாம் அண்ணாச்சி,” என்றான் கோமதிநாயகம்.

“அப்போ இது என்னலே ஓட்டல்?”

“நீங்கதான மனு குடுத்திய?”

அவனுக்கு என்ன கவலை? டிக்கெட்டில் பங்கு வருகிறது. நான் கயிற்றைத் தாண்டி நேராக அலுவலகத்துக்குப் போனேன்.

“என்னை விட்டிருங்கம்மா. கடையையும் விட்டிருங்க. அவன் ஏசியே போட்டுக்கிடட்டும்.”

“விடலாமே,” என்றார் ஸ்மிதா மேடம். “மாறின பொருளுக்குப் பாதுகாப்பு கிடையாது. உங்க அபிப்பிராயங்கள்ல ஏதாவது ஒண்ணு மாறியிருக்குன்னு கவுன்சிலர் சாட்சி சொன்னா போதும். உங்களை விட்டா கடையும் தன்னாலே விடுதலை.”

கவுன்சிலர் வேலப்பனைக் கூட்டிவந்தேன். நல்ல மனுஷன், கட்சிதான் சரியில்லை.

“அண்ணாச்சி, அரசாங்கத்துக்கு வரி கட்டுறது நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சாட்சி சொல்லுதேன்.”

வாயைத் திறந்தேன். தொண்டை வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

“சரி, அது வேண்டாம். எங்க கட்சி ஒரே ஒரு நல்லது செஞ்சிருக்குன்னு சொல்லுங்க.”

“அதுக்கு நான் கயித்துக்குள்ளயே கெடக்கேன்,” என்றேன்.

வேலப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. “உம்மை மாதிரி ஆளாலதான்வே நாடு உருப்படல! எல்லாத்துக்கும் காரணம் டெல்லிதான்னு கட்சியில சேர்ந்த நாள்லேருந்து தொண்டை கிழியச் சொல்லுதேன்…”

மேடம் தலை நிமிர்ந்தார். “அன்னைலேருந்து இதேதானா, சாரே?”

“இதேதான்! ஒரு வார்த்தை மாத்தினது கிடையாது!”

மேடம் அவரைத் தலை முதல் கால் வரை ஒருமுறை, மிகுந்த மரியாதையோடு, பார்த்தார்.

இப்போது வேலப்பனும் கயிற்றுக்குள், எனக்கு எதிர்நாற்காலியில் இருக்கிறார். அவர் டெல்லியைத் திட்டுகிறார். நான் டெல்லியையும் அவரையும் சேர்த்துத் திட்டுகிறேன். நடுவில் இரண்டு வெறும் இலை. டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டம் வருகிறது. பாதிப் பேர் அவர் பேச்சுக்குக் கைதட்டுகிறார்கள், பாதிப் பேர் என் பேச்சுக்கு. பிறகு அவர்களுக்குள்ளேயே சண்டை வருகிறது. சண்டை முடிந்ததும் படம் எடுத்துக்கொண்டு திருப்தியாக வீட்டுக்குப் போகிறார்கள்.

தோசை எங்கே என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.