கீரை ஓரத்தில் என் கத்தரிக்கோல்

போகோர்,
வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பின்.

காருட்டில் வாழும் மதிப்பிற்குரிய அண்ணன் ஓடாங் அவர்களுக்கு, தம்பி ஓயோ ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே என்னைத் தவிர அனைவரும் நலம். அங்கே அண்ணியும் உங்கள் இடது முழங்காலும் நலமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக.

நிற்க. மகள் ரெங்கானிஸின் ஆராய்ச்சிக்கூடக் கூரை மழையில் ஒழுகியதால், இருபது தொட்டி சலாத்துக் கீரையை நம் வீட்டுத் தாழ்வாரத்தில் கொண்டுவந்து இறக்கினாள். "அப்பா, யோக்யா போயிட்டு மூணு நாள்ல வந்துடுவேன், தண்ணி மட்டும் ஊத்துங்க" என்றாள். பிறகு ஏதோ விளக்கினாள். தகரத்தில் மழை கொட்டிய சத்தத்தில் எனக்குத் 'தண்ணி' மட்டும்தான் கேட்டது. ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் இலை ஓரமெல்லாம் பாவாடைக் கொசுவம் மாதிரி சுருண்டு அலையலையாக நிற்கிறது! போச்சு, பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றிக் கெடுத்துவிட்டேன் என்று நடுங்கிப்போனேன் அண்ணா. முப்பத்தாறு வருடம் முடிவெட்டிய கை சும்மா இருக்குமா? கத்தரிக்கோலை எடுத்தேன், இருபது தொட்டியையும் வரிசையாக உட்காரவைத்து ஓரத்தை நேராக்கினேன். மணப்பிள்ளைகூட என் கடையிலிருந்து அவ்வளவு அழகாக எழுந்து போனதில்லை. வெட்டி விழுந்ததை என் மனைவி எந்தின் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் மகள் வந்தாள், குனிந்தாள், கத்தினாள். "அப்பா! ஓரம் நிமிந்துடுச்சு! மருந்து வேலை செய்யுது!" என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அப்போதுதான் விஷயமே எனக்கு விளங்கியது. டி.சி.பி. என்று ஒரு புரதக் குடும்பமாம், செடிகளில் மட்டும்தான் உண்டாம். இலை வளரும்போது ஓரத்து உயிரணுக்களிடம் 'போதும், இனிமே பெருகாதே' என்று சொல்வது அதன் வேலையாம். அதன் வாயை அடைத்துவிட்டால் ஓரம் நிற்காமல் வளர்ந்து சுருண்டுவிடுமாம். இந்தக் கீரை பிறவியிலேயே அப்படி அடைபட்ட ஜாதியாம். அந்த அடைப்பை எடுக்க ஒரு மருந்தை மூன்று வருடமாகத் தேடிப் பத்துத் தொட்டிக்கு மட்டும் அடித்திருக்கிறாள். (நம் குடும்பத்திலும் 'போதும்' சொல்ல ஆளில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.) அவள் குதிப்பதைப் பார்த்ததும் கத்தரிக்கோலைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டேன்.

அரைமணியில் அவளுடைய பேராசிரியை திரெஸ்னாவதி அம்மா கேக்கோடு வந்து இறங்கிவிட்டார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "சரிம்மா, மருந்து அடிக்காத பத்தும் எப்படி நேராச்சு?" என்றார். இன்னும் குனிந்தார். "வெட்டுக்காயம் தெரியுதே. இது... கிருதா எடுத்த மாதிரி இருக்கே?"

எந்தின் பெருமையாகச் சொன்னாள்: "அவர் கை அப்படி! துண்டு ஒண்ணுகூட வீணாகல, நான்தான் சாப்பிட்டேன். மொறுமொறுன்னு இருந்துச்சு."

"கசந்துச்சா?" என்று கேட்டுப் பேராசிரியை குறிப்பேட்டைத் திறந்தார்.

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ரெங்கானிஸ் அழவில்லை. "மூணு வருஷம்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். இரண்டு நாளாக என் முகம் பார்க்காமல் சாப்பிடுகிறாள். திட்டினால்கூடத் தாங்குவேன் அண்ணா. ஆகையால் திங்கட்கிழமை பஸ்ஸில் அங்கே வருகிறேன், மூன்று மாதம் இருப்பேன், இடம் ஒதுக்கி வைக்கவும். மகள் வாழ்க்கையைக் கெடுத்தவன் இந்த வீட்டில் இருக்கத் தகாது.

அண்ணிக்கு என் ஸலாம், பேரப்பிள்ளைகளுக்கு என் துஆ.

கலங்கிய தம்பி,
ஓயோ

பி.கு.: மழையால் திங்கட்கிழமை பஸ்ஸும் ஓடவில்லை, தபாலாபீஸ் போகவும் ஆறு நாள் ஆகிவிட்டது. இடம் ஒதுக்க வேண்டாம், நான் வரவில்லை. இன்று காலை மருந்தடித்த பத்துத் தொட்டியிலும் நடுக்குருத்திலிருந்து புது இலை வந்திருக்கிறது. ஓரம் நேர்க்கோடு! மற்ற பத்தும் சுருள். நான் கிட்டேகூடப் போகவில்லை, எந்தின் சாட்சி. ரெங்கானிஸ் பேராசிரியைக்குக்கூடச் சொல்லாமல் முதலில் என்னைத்தான் எழுப்பினாள். அளவுகோலை என் கையில் கொடுத்து, "நீங்க பிடிங்கப்பா, என் கை ஆடுது" என்றாள். என் கை அவள் கையைவிட மோசமாக ஆடியது. எண்ணைச் சரியாகப் படிக்க இருவருக்கும் ஒரு மணி நேரம் பிடித்தது.