தங்கையின் கழுத்தும் தாங்கள் அனுப்பிய கியர் பெட்டியும்

பீவர் ஃபோர்க், இண்டியானா
அக்டோபர், செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ராய்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான் சுகம். கோழிகள் சுகம். தங்கள் தங்கை ஆர்லீன், கழுத்து ஒன்று நீங்கலாக, சர்வாங்கமும் சுகம். தாங்களும் டல்சாவில் தங்கள் பட்டறையும் அவ்வாறே இருக்க இறைவனை வேண்டுகிறேன். பட்டறை கொஞ்சம் குறைந்த சுகத்தோடு இருந்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை.

எங்கள் மணநாளுக்குத் தாங்கள் கைப்படக் கட்டி அனுப்பிய ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி வந்து சேர்ந்தது, ஆர்லீனின் பந்தயக் காரில் ஏறியும் விட்டது. மற்றவர்களின் மைத்துனர்கள் பூச்சாடி அனுப்புகிறார்கள். அதன் குணம் தங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் என் மனம் ஆறுவதற்காகச் சொல்கிறேன். ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் முன்கியரும் பின்கியரும் ஒரே சமயத்தில் பூட்டிக்கொள்கின்றன. எஞ்சின் அலறுகிறது, கார் அசையாமல் நிற்கிறது, எங்கள் மாவட்ட நிர்வாகக் குழுவைப் போல. பந்தயம் தொடங்கும் பச்சை விளக்கு எரிந்ததும் விரலை எடுத்தால் பின்கியர் விட்டுவிடுகிறது. அந்தக் கணத்தோடு நிர்வாகக் குழுவுக்கும் காருக்கும் உள்ள ஒற்றுமை முடிந்தது. முதல் ஓட்டத்திலேயே முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழுந்துவிட்டன. ஆர்லீனுக்குப் பாதை தெரியவில்லை, மேலே வட்டமிட்ட ஒரு பருந்துதான் தெரிந்ததாம். பிறகு கார் கீழே வந்தது. கழுத்து சற்றுத் தாமதமாக வந்தது.

டாக்டர் பிட்மன் எக்ஸ்-ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை இப்படி விழுந்தால் அவள் காரை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். "நீங்க கழுத்தைப் பாருங்க டாக்டர், காரை நாங்க பாத்துக்கறோம்" என்றாள் தங்கள் தங்கை. கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. சீசனின் கடைசிப் பந்தயத்துக்கு டாக்டரே வந்து உட்காருவார். முதல் சுற்றில் கார் கிளம்புகிற லட்சணத்தைப் பார்த்து, அவள் இனி ஓட்டலாமா கூடாதா என்று அங்கேயே சொல்லிவிடுவார். அவர் கூடாது என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். சனி, ஞாயிறுகளில் நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எங்களுக்கு அதில் பழக்கமில்லை. ஹெல்மெட்டைக் கழற்றும்போது அவள் முகத்தில் வருகிற அந்தச் சிரிப்பை வேறு எந்த வழியில் வரவழைப்பது என்றும் எனக்குத் தெரியாது.

ஆகவே காரை அடக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். நூலகராக இருந்து ஓய்வுபெற்றவன், எதையும் படித்துச் செய்கிறவன். காரின் மூக்கு எழுகிறது என்றால் மூக்கில் பாரம் வேண்டும் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். கோழித்தீவனச் சாக்கைக் கட்டி வைத்தேன். களத்துப் பரிசோதகர் ஹோலிஸ், பாரம் எதுவானாலும் போல்ட் போட்டு முறுக்கியிருக்க வேண்டும் என்று சொல்லி, சாக்கை இறக்கித் தன் வீட்டுக் கோழிகளுக்குக் கொண்டுபோனார். பிறகு பழைய விறகு அடுப்பின் இரும்புக் கதவை எடுத்து போல்ட் போட்டேன். கார் அதையும் தூக்கியது. இறங்கும்போது மட்டும் முன்பைவிட உறுதியான கொள்கைப் பிடிப்போடு இறங்கியது. அடுத்து, மெத்தென்ற டயர் மெத்தென்று கிளம்பும் என்ற சொந்த ஆராய்ச்சியில் பின் டயர்களின் காற்றைக் குறைத்தேன். காற்றுக் குறைந்த டயர் தரையை இன்னும் இறுக்கமாகக் கவ்வும் என்று அந்தப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருந்ததாம், நான் அந்தப் பக்கம் வரை போகவில்லை. நல்லவேளை, இந்த இரண்டு சோதனைகளுக்கும் ஹோலிஸின் மகன்தான் ஓட்டினான். அவனுக்குக் கழுத்து என்று தனியாக எதுவும் கிடையாது.

கடைசியில் சரியான வழி தெரிந்தது மச்சான். பொத்தானை அழுத்தியிருக்கும்போது எஞ்சின் எவ்வளவு சுற்றலாம் என்று வரம்பு கட்டுகிற அந்தச் சின்னப் பெட்டி இருக்கிறதே, அதில் வரம்பைக் குறைத்தால் போதும், பாய்ச்சல் பாதியாகிவிடும். ஆனால் ஆர்லீனிடம் எப்படிச் சொல்வது? எழும்பாத காரை ஓட்டுவதற்கு மளிகைக் கடையில் தள்ளுவண்டி தள்ளலாம் என்று தேவாலய விருந்தில், கையில் ஆப்பிள் பை பலகாரத் தட்டோடு, எல்லார் முன்னாலும் சொன்னவள் அவள். ஆகவே அவள் பாடற்குழு ஒத்திகைக்குப் போன நேரம் பார்த்துக் கொட்டகைக்குள் போய்க் குறைத்தேன், ஒன்றும் தெரியாதவன் போல் வந்து செய்தித்தாள் படித்தேன்.

இனி நான் எழுதுவது பிறகு தெரிந்துகொண்டது. முதல் ஓட்டத்தில் முன்சக்கரம் தூக்கியபோது எடுத்த புகைப்படத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நான் ஒட்டி வைத்திருக்கிறேன் அல்லவா, அதை நான் தினமும் பார்க்கிறேன் என்பதைத் தங்கள் தங்கை பார்த்திருக்கிறாள். நான் பாரம் கட்டியதெல்லாம் தன் கழுத்துக்காக மட்டும்தான், கார் நிஜமாவே அடங்கினால் இந்த மனுஷன் மனசு உடைஞ்சு போயிடும் என்று நினைத்து, நான் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தபோது அவளும் கொட்டகைக்குள் போயிருக்கிறாள். கிளம்புகிற நேரத்தில் எஞ்சினின் தீப்பொறியைத் தாமதப்படுத்த ஒரு குமிழ் உண்டே, அதைத் திருகினாலும் பாய்ச்சல் குறையும், அதை நன்றாகத் திருகிவிட்டு, வெளியே வந்து எனக்கு ஆப்பிள் பை செய்து வைத்தாள். பை ஏன் என்று நானும் கேட்கவில்லை.

பந்தய நாள் காலையில் தூறல், பயிற்சி ஓட்டம் கிடையாது. களத்துப் பாதிரியார் லாரிப் பலகை மேல் நின்று, எவரும் எழுதியதைவிட வேகமாகப் போகாதிருக்கட்டும் என்று ஜெபம் செய்தார். நம்முடைய பந்தயத்தைப் போல் ஒழுக்கமான விளையாட்டு உலகத்தில் இல்லை என்று நான் எப்போதும் சொல்வேன். தன் கார் எத்தனை நொடியில் ஓடும் என்று ஓட்டுபவரே முன்கூட்டிக் கண்ணாடியில் எழுதிவிட வேண்டும், அதைவிட வேகமாக ஓடினால் தோல்வி. வாக்குக் கொடுத்ததற்கு மேல் செய்பவனைத் தண்டிக்கிற இடம் இது ஒன்றுதான். கண்ணாடியில் எழுதுகிற ஷூ பாலிஷும் கையுமாக அவள் எண்ணை எழுதப் போகையில் நான் பக்கத்தில் போய் நின்றேன். காத்து கனமா இருக்கு, கார் மெதுவாத்தான் போகும், நொடியைக் கொஞ்சம் கூட்டி எழுது என்றேன். அவள் உடனே, ஆமா ரொம்பக் கனமா இருக்கு, நானும் அதையேதான் நெனச்சேன் என்று, நான் சொன்னதற்கு மேல் தன் பங்குக்கும் கூட்டினாள். காற்று அன்றைக்கு இறகு மாதிரி இருந்தது மச்சான். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு சுலபமாக ஒரு விஷயத்தில் நாங்கள் ஒத்துப்போனதே இல்லை, அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

எதிரே கிரெப்ஸ் என்கிற மன்சி ஊர்ப் பையன். வேகமான கார் என்பதால் அவன் சற்றுப் பிந்தித்தான் கிளம்ப வேண்டும். பச்சை விழுந்தது. ஆர்லீன் விரலை எடுத்தாள். கார், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற தேவாலயத்து டீக்கனைப் போல எழுந்து, யோசித்து, பிறகு போயிற்று. சக்கரங்கள் நான்கும் தரையிலேயே இருந்தன. என் பக்கத்தில் டாக்டர் பிட்மன் சோளப்பொரியை மெல்வதை நிறுத்தவே இல்லை. கிரெப்ஸ் துரத்தி வந்து கோட்டருகே முந்தினான், ஆனால் பலகையில் ஆர்லீனுக்கு வெற்றி விளக்கு எரிந்தது. அவள் கண்ணாடியில் எழுதிய எண் என்னவோ அதையே அட்சரம் பிசகாமல் ஓடியிருந்தாள். அவளை முந்த வேண்டுமானால் அவன் தன் எண்ணை மீற வேண்டும், மீறினான், தோற்றான். இரண்டு திருட்டும் இரண்டு பொய்யும் சேர்ந்து கூட்டினால் ஓர் உண்மை வரும் என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

டாக்டர் எழுந்து, "அம்மா தாராளமா ஓட்டலாம். இந்தக் கார்ல கழுத்துக்கு ஒண்ணும் ஆகாது, தூக்கம் வராம பாத்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கிரெப்ஸ் வந்து கைகொடுத்து, கார்ல என்னம்மா பண்ணினீங்க என்று கேட்டான். ஒண்ணுமில்லை என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம். அதற்குப் பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்தோம்.

அடுத்த சுற்றில் தோற்றோம். காற்று உண்மையிலேயே கனமாகிவிட்டது, இருவரில் ஒருவரும் நம்பவில்லை, எண்ணைக் கூட்டவும் இல்லை.

திரும்பி வரும்போது டிரக்கில் அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நீ எதைக் குறைச்சே வென்டெல்?" என்றாள். சொன்னேன். நீ எதை என்றேன். சொன்னாள். "உன் போட்டோவுக்காகத்தான்யா சொல்லல" என்றாள். "உன் கழுத்துக்காகத்தான் நான் சொல்லல" என்றேன். அப்புறம் ஒரே தகராறு மச்சான். ரெண்டும் வேண்டாம், ஒண்ணு போதும், நான் செஞ்சதை எடுத்துடறேன்னு நான், இல்ல நான் செஞ்சதைத்தான் எடுக்கணும்னு அவ. விட்டுக்கொடுப்பதில் எங்கள் இருவருக்கும் இருக்கிற பிடிவாதம் தங்களுக்குத் தெரியும். மக்காச்சோள வயல்கள் முடிந்து வீடு வந்துவிட்டது, பேச்சு முடியவில்லை.

ஆகவே இக்கடிதத்தின் நோக்கம்: கிறிஸ்துமஸுக்கு இதைவிடக் கடுமையாகப் பிடிக்கிற கியர் பெட்டி ஒன்று கட்டிக்கொண்டிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னீர்களே, அதை அன்புகூர்ந்து நிறுத்தவும். பூச்சாடி போதும். தங்களுக்கும் தங்கள் பட்டறைக்கும் நீண்ட ஆயுளும், தங்கள் அன்பளிப்புகளுக்குக் குறுகிய ஆயுளும் வேண்டி, ஆர்லீனின் முத்தங்களோடும் கோழிகளின் வணக்கங்களோடும்,

தங்கள் பாசமுள்ள,
வென்டெல்

பி.கு.: தபால்தலை தேடியதில் சனிக்கிழமை ஆகிவிட்டது. கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும், என்னால் குனிய முடியவில்லை. அவள் செய்த திருகு இருக்கிறதே என்ற தைரியத்தில் என்னுடையதை நான் புதன்கிழமை எடுத்துவிட்டேன். என்னுடையது இருக்கிறதே என்ற தைரியத்தில் அவள் தன்னுடையதை வியாழக்கிழமை எடுத்திருக்கிறாள். அவள் கழுத்துக்குப் பத்திரமா என்று பார்க்க இன்று காலை காலிக் களத்தில் முதல் சோதனை ஓட்டம் நான் ஓட்டினேன். எனக்கும் அந்தப் பருந்து தெரிந்தது. டாக்டர் பிட்மனிடம் என்னை அழைத்துப் போனதும் தங்கள் தங்கைதான். வழியெல்லாம் கண்ணில் நீர் வரச் சிரித்தாள், பிறகு சிரிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடிதத்தின் கடைசிப் பத்தியைத் தயவுசெய்து படிக்காதது போல் பாவிக்கவும். புதிய பெட்டியை அனுப்பச் சொல்கிறாள். ஓட்டப்போவது அவள்தான், எனக்கு அந்த இருக்கையில் உட்காரத் தகுதியில்லை என்று டாக்டர் எழுத்தில் கொடுத்துவிட்டார்.