விழுவதற்கு ஒப்புக்கொண்ட கராத்தே அண்ணாச்சி

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் கராத்தே அண்ணாச்சிக்குப் பயப்படாத லாரி டிரைவர் ஒருவரும் கிடையாது. அவரிடம் அடி வாங்கியவரும் ஒருவர்கூடக் கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் தோன்றியதில்லை.

லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுவது அவர் தொழில். இடுப்பில் கட்டியிருக்கும் சாரத்துக்கு மேலே கறுப்பு பெல்ட். டயரைக் கழற்றுமுன் அதன் எதிரே நின்று, இடுப்பை வளைத்து ஒரு வணக்கம் வைப்பார். கப்பலே கிளம்பினாலும் சரி, அந்த வணக்கம் முடியும்வரை டிரைவர் வாய் திறக்கக் கூடாது. பிறகு வெறுங்காலால் ஓர் உதை. "காத்து கம்மி" என்பார். பஞ்சரான டயரில் காற்று வேறு எப்படி இருக்கும் என்று கேட்க யாருக்குத் தைரியம்?

ஒருமுறை கடை வாசலில் இரண்டு டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணாச்சி நடுவே போய், ஒற்றைக் காலைத் தூக்கிக் கொக்கு மாதிரி நின்றார். அசையவே இல்லை. இவர் எப்போது உதைப்பார் என்று காத்திருந்தே இருவருக்கும் கோபம் வடிந்துவிட்டது. பக்கத்து ஷிப்பிங் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவர் சினிமாக்காரர்கள் கண்ணில் படாமல் இருப்பாரா? பழைய உப்புக் குடோன் ஒன்றில் படப்பிடிப்பு. காட்சி இதுதான்: போலீசுக்குத் தெரியாமல் பாதாள அறையில் பந்தயம் கட்டி ஆட்களை மோத விடுகிறார்கள். ஹீரோ வந்து எல்லாரையும் வீழ்த்துகிறார். வீழ்கிறவர்களில் ஒருவர் அண்ணாச்சி. சுற்றி நின்று கத்துகிற கூட்டத்தில் நான்.

ஃபைட் மாஸ்டர் விளக்கினார்: "ஹீரோ பறந்து வந்து நெஞ்சுல உதைப்பாரு. நீங்க அந்த மூட்டை மேல விழணும்."

"விழலாம் சார். ஆனா விழுத மாதிரி உதைக்கணும்லா?" என்றார் அண்ணாச்சி.

முதல் டேக்கில் உதை வாங்கி அரையடி நகர்ந்தார். அடுத்ததில் அதுவும் இல்லை. மாஸ்டர் தலையில் கை வைத்தார்.

"அண்ணே, இது நடிப்புண்ணே."

"நடிப்புதான் சார். நாளைக்கு நம்ம ரோட்டுப் பயலுவ பூரா படத்துக்கு வருவானுவ. தொட்டதுக்கே விழுந்தா நான் கடையில எப்படி உக்காருவேன்?"

அந்தச் சாலையில் அவருக்கு இருந்ததே அந்தப் பெயர் ஒன்றுதான். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

உதைத்தவர் ஹீரோ இல்லை. ஹீரோவின் சட்டையை மாட்டிக்கொண்டு, கயிற்றில் தொங்கிப் பறந்துவந்தவர் ஒரு டூப். நாற்பதைத் தாண்டியவர், தலைக்கு மை பூசியிருந்தார். இடைவேளையில் நானும் அண்ணாச்சியும் தண்ணீர் குடிக்கக் குடோனுக்குப் பின்னால் போனபோது, அந்த டூப் சட்டையைத் தூக்கி, விலாவைச் சுற்றியிருந்த துணிக்கட்டை, பல்லைக் கடித்தபடி இறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது?" என்றார் அண்ணாச்சி.

"போன படத்துல விழுந்ததுண்ணே. மாஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க, வேற ஆளப் போட்டுடுவாரு."

"நான் விழாட்டா, திரும்பத் திரும்ப நீங்கதான் பறக்கணுமா?"

"பின்ன, ஹீரோவா பறப்பாரு?" என்று சிரித்தார். சிரித்ததிலும் வலித்தது போலும், விலாவைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணாச்சி தண்ணீர் குடிக்காமலே திரும்பினார்.

அடுத்த டேக்கில் கால் நெஞ்சில் பட்டதோ இல்லையோ, அவர் அலறிக்கொண்டு, அடுக்கியிருந்த மூட்டைகளையெல்லாம் சரித்துக்கொண்டு விழுந்தார். அந்த அலறலுக்குக் கொழும்பில் யாராவது எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். மாஸ்டர் ஓகே சொல்லிவிட்டார். ஓடிவந்து கைகொடுத்துத் தூக்கியவர் டூப்தான்.

படம் வந்தபோது சாலை மொத்தமும் தியேட்டரில் இருந்தது. அண்ணாச்சி விழுந்ததும் வரிசை வரிசையாகச் சிரிப்பு.

"ஒத்த உதைக்கே சாஞ்சிட்டியளே, அண்ணாச்சி" என்றான் பின்னாலிருந்த டிரைவர் ஒருவன்.

நடந்ததைச் சொல்லிவிட நான் திரும்பினேன். அண்ணாச்சி என் முழங்காலை அழுத்தினார்.

"வேண்டாம், விடுங்க. வெளிய தெரிஞ்சா அந்த ஆளு பொழப்புல்லா போகும்."

"ஒங்க பேரு போகுதே, அண்ணாச்சி."

"போனா போகட்டும்."

திரையில் டூப் மறுபடி பறந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. கூட்டம் ஹீரோவின் பெயரைச் சொல்லி விசிலடித்தது. அண்ணாச்சி அந்த முதுகைப் பார்த்துக் கைதட்டினார். நானும் தட்டினேன், அண்ணாச்சிக்காக.