கூரத்துக்காரருக்குத் தீர்ந்த சர்க்கரை

காஞ்சிபுரத்தில் எங்கே வேண்டுமானாலும் நின்று ஒரு தும்மல் போட்டுப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டில், ரேஷன் கடை வரிசையில், கருட சேவைக் கூட்டத்தில், கல்யாணப் பந்தியில், எங்கே வேண்டுமானாலும். நீங்கள் மூக்கைத் துடைத்து முடிப்பதற்குள் பக்கத்தில் ஒரு முகம் மலரும். அடுத்தவன் துன்பத்தைக் கண்டு இவ்வளவு கனிவோடு மலர்கிற முகம் வேறு கிடையாது. "எத்தினி நாளா இருக்குது?" என்று அது கேட்கும். கும்பிட்டுக்கொள்ளுங்கள். அவர்தான் சாட்சி வைத்தியர்.

மற்ற வைத்தியர்கள் மருந்து கொடுப்பார்கள். இவர் சாட்சி கொடுப்பார். நாடி பிடிக்க மாட்டார், நாக்கை நீட்டச் சொல்ல மாட்டார், கூலியாக வெற்றிலை பாக்குகூட வாங்க மாட்டார். ஆனால் எந்த நோயைச் சொன்னாலும், அதே நோய் வந்து, பெரிய பெரிய டாக்டர்கள் கைவிட்டு, வீட்டில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் தந்தி கொடுத்த பிறகு, வேராலோ கொட்டையாலோ எழுந்து உட்கார்ந்து இரண்டு வேளை சாப்பாடு கேட்ட ஒருவர் இவர் கைவசம் இருப்பார். அந்த ஒருவர் எப்போதும் வேறு ஊர்க்காரர். ஒருவர்கூட ஏன் இதே தெருவில் பிழைப்பதில்லை? கேட்காதீர்கள். வருத்தப்படுவார்.

பிள்ளையார்பாளையம் கலியாணசுந்தரம் இந்த இனத்தில் நல்ல தேறின ஆள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அவருக்குச் சேலை பார்த்துத் தரம் சொல்கிற உத்தியோகம். நெய்து வந்த சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பிடித்தாரானால் எங்கோ ஒரு மூலையில் ஓர் இழை விட்டிருந்தாலும் அவர் விரல் நேராக அங்கே போய் நிற்கும். "வெளிச்சம் சரியில்லண்ணா" என்று நெய்தவர் இழுத்தால், "வெளிச்சம் சரியாத்தான் இருக்குது, சேலைதான் சரியில்ல" என்பார். தங்கச் சரிகை என்று யாராவது சத்தியம் செய்தால் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் நகத்தால் சுரண்டுவார். இருபத்திரண்டு வருஷத்தில் எவர் வாய்ச்சொல்லையும் நம்பி அவர் ஒரு முத்திரை குத்தியது கிடையாது.

சாயங்காலம் ஐந்தரைக்குச் சங்கத்தை விட்டு இறங்கும்போது அந்தக் கண்ணை மட்டும் மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வருவாரோ என்னவோ! பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவர் சொன்னது, டீக்கடையில் பாதி காதில் விழுந்தது, பொட்டலம் கட்டி வந்த, கடைசி வரி கிழிந்த பத்திரிகைத் தாளில் படித்தது, எல்லாம் அவருக்கு நிரூபணமான உண்மை. மூட்டு வலிக்காரருக்கு முடக்கத்தான், தூக்கம் வராதவருக்குத் தலைமாட்டில் வெங்காயம். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "மனசை லேசா வச்சுக்கோபா, கவலைதான் எல்லாத்துக்கும் வேரு" என்பார். மறுநாள் வழியில் மறித்து, "கவலைப்படறியா?" என்பார். அதற்கு மறுநாளும் கேட்பார். ஒரு வாரத்தில் அந்த மனிதர், தனக்கு என்னவோ இருக்கிறது, இவர் மறைக்கிறார் என்று நிஜமாகவே கவலைப்பட ஆரம்பிப்பார். "பார்த்தியா, நான் சொன்னேனில்ல?" என்பார் கலியாணசுந்தரம்.

அவருக்கே காய்ச்சல் வந்தால்? ரிக்‌ஷா பிடித்து டாக்டரிடம் போய் இரண்டு ஊசி போட்டுக்கொண்டு வருவார். "அது வேற" என்பார்.

இப்படிப்பட்டவருக்கு அறுபத்தொன்பதாம் வருஷம் புரட்டாசியில் உமாபதி கிடைத்தார்.

உமாபதி நாலு வீடு தள்ளி இருந்த நெசவாளி, நாற்பத்தெட்டு வயசு, கலியாணசுந்தரத்தோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர். சர்க்கரை வியாதி என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, காலையில் ஒன்று ராத்திரி ஒன்றாக வெள்ளை மாத்திரை கொடுத்து, சோற்றைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். மாத்திரையைப் பற்றி உமாபதிக்குப் புகார் இல்லை. சோற்றைப் பற்றித்தான். அதைக் கலியாணசுந்தரத்திடம் சொன்னார்.

கலியாணசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சுக்குள் அந்த இதமான சூடு பரவியது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவருக்கு எப்போதும் அப்படிப் பரவும்.

"கூரத்துல தணிகாசலம்னு நமக்கு வேண்டியவர் ஒருத்தர். உனக்கு இருக்கிறதைவிட டபுள் மடங்கு சர்க்கரை. நாவல் கொட்டையைக் காய வச்சு இடிச்சு நாப்பத்தெட்டு நாள் சாப்பிட்டாரு. இப்ப ஜிலேபி சாப்பிட்டுக்கினு இருக்காரு."

"மாத்திரை?"

"அதை நிறுத்திடணும்பா. ரெண்டும் உள்ளே போய் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும்."

ஜிலேபி என்ற சொல் உமாபதிக்குள் இறங்கி வேலை செய்தது. அன்றைக்கே மாத்திரை நின்றது.

எட்டாம் நாள், "தேகம் லேசா இருக்குறாப்பல இருக்குது" என்றார் உமாபதி. அதைச் சொன்னபோது அவர் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கலியாணசுந்தரத்துக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். சங்கத்தில் சொன்னார், நூல் கடையில் சொன்னார், பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் கேட்கும்படி பின் சீட்டுக்காரரிடம் சொன்னார். "பாதி இறங்கிடுச்சுபா. தறியில உட்கார்ந்தா இருபது வயசுப் பிள்ளையாட்டம் மிதிக்கிறான்."

இருபத்தைந்தாம் நாள், தறியில் மிதிகட்டை உராய்ந்து உமாபதியின் வலது கால் சுண்டு விரலில் ஒரு சிறு புண் வந்தது. மஞ்சள் வைத்தார்கள். ஆறவில்லை. முப்பத்தைந்தாம் நாள் விரல் கறுத்து, வீட்டுக்குள் ஒரு வாடை வந்தது. ராத்திரியில் ஐந்தாறு தடவை சிறுநீருக்கு எழுந்து போனார். அவர் மனைவி கமலவேணி, "ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க" என்றாள். "இன்னும் பதிமூணு நாள்தானே, கூரத்துக்காரருக்கும் நடுவுல இப்படித்தான் ஆச்சாம்" என்றார் உமாபதி. அப்படி ஆனதாக அன்று காலையில்தான் கலியாணசுந்தரம் கண்டுபிடித்திருந்தார்.

கமலவேணி சண்டை போடுகிறவள் அல்ல. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கலியாணசுந்தரத்தின் வீட்டு வாசலில், வெளியூருக்குப் போகிறமாதிரி உடுத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணா, கூரம் போய் வரலாம் வாங்க. அந்தத் தணிகாசலத்தை நான் பார்க்கணும்."

"அவரை எதுக்குமா பார்க்கிறது? நான்தான் சொல்றேனே."

"எங்க வீட்டுச் சேலையில ஒரு இழை விட்டிருந்தாக்கூட விரல் வச்சுக் காட்டுவீங்களே, அதே மாதிரி அந்த ஆளையும் ஒரு வாட்டி காட்டுங்க. அவரு வாயால சொல்லிட்டா, மீதி நாளைக்கும் நானே இடிச்சுக் கொடுக்கிறேன்."

கலியாணசுந்தரம் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். போனார்கள்.

கூரத்தில் தணிகாசலம் களத்துமேட்டில் வேர்க்கடலை காய வைத்துக்கொண்டிருந்தார். நல்ல திடகாத்திரமான ஆள். அவரைப் பார்த்ததும் கலியாணசுந்தரத்துக்கு உயிர் வந்தது. "பார்த்தியாமா, எப்படி இருக்காரு!" என்றார்.

"உங்களுக்குச் சர்க்கரை எத்தனை வருஷமா இருந்திச்சுங்க?" என்று கேட்டாள் கமலவேணி.

"சர்க்கரையா? எனக்கா? எனக்கு இருந்தது குடல் இறக்கம்மா. அது ஆபரேஷன் பண்ணியாச்சு."

"நாவல் கொட்டை..."

"ஓ, அதுவா! அது பருத்திக்குன்றத்து விமலநாதனுக்கு. கடலை மண்டி வச்சிருக்காரு. ஆறு மாசம் முந்தி ஒரு மூட்டை கொட்டை வாங்கினாரு. தீர்ந்துபோயிருக்கும். இவருகிட்டகூடச் சொன்னேனே, ஒருத்தருக்குத் தீர்ந்துபோச்சுன்னு."

கலியாணசுந்தரம் யோசித்துப் பார்த்தார். உண்மைதான். தணிகாசலம் பஸ் ஸ்டாண்டில் 'ஒருத்தருக்கு' என்றுதான் சொன்னார். பஸ் ஸ்டாண்டிலிருந்து பிள்ளையார்பாளையம் வருவதற்குள் எங்கோ அந்த ஒருத்தர் தணிகாசலமாகிவிட்டார். எந்தத் தெரு முனையில் என்று அவருக்கே தெரியவில்லை. பொய் சொன்னதாகவும் நினைவில்லை.

"ஆளுதான் மாறிப்போச்சு. மருந்து அதேதான்" என்றார் கமலவேணியிடம். அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஊருக்குத் திரும்பி, வேகவதி ஆற்றைத் தாண்டித் திருப்பருத்திக்குன்றம் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விமலநாதன் வீடு ஜைனர் வீடு. இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வழக்கம். அப்போதுதான் இலை போட்டிருந்தார்கள். "முதல்ல உட்காருங்க, பேச்சு அப்புறம்" என்று அவர் மனைவி தயாவதி இவர்களுக்கும் இலை போட்டாள். விமலநாதன் இலையில் ஒரு கரண்டிச் சோறுதான் இருந்தது. இலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை மாத்திரை இருந்தது. கமலவேணி அந்த மாத்திரையைப் பார்த்தாள். பிறகு கலியாணசுந்தரத்தைப் பார்த்தாள். அவர் ரசத்தைப் பார்த்தார்.

"நாவல் கொட்டையில உங்களுக்குத் தீர்ந்துபோச்சுன்னு சொன்னாங்களே ஐயா?"

"எனக்கா?" விமலநாதன் சிரித்தார். "கொட்டை வாங்கினது வாஸ்தவம். வாயில வைக்கத் தைரியம் வரலை. வேற யாராவது சாப்பிட்டுத் தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்னு ஆறு மாசமா மூட்டையைக் கட்டியே வச்சிருந்தேன். போன வாரந்தான் சேதி கிடைச்சுது. பிள்ளையார்பாளையத்துல ஒருத்தருக்கு அடியோட தீர்ந்துபோச்சாம். தறியில உட்கார்ந்தா இருபது வயசுப் பிள்ளையாட்டம் மிதிக்கிறாராம். அதான், நாளையிலேருந்து மாத்திரையை நிறுத்திடலாம்னு இருக்கேன்."

கலியாணசுந்தரம் எடுத்த கவளத்தை இலையிலேயே திரும்ப வைத்தார். வேறு யாருடைய சேலையாக இருந்தாலும் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கலாம். இந்தச் சேதி அவர் கையால் நெய்தது. 'பாதி' மட்டும் 'அடியோடு' ஆகியிருந்தது, மற்றபடி ஓரிழை மாறவில்லை.

"அவரு பேரு இன்னான்னு சொன்னாங்க?" என்றாள் கமலவேணி.

"உமாபதின்னு சொன்னாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தாங்க அவரு சம்சாரம்."

தயாவதி கையில் கரண்டி அப்படியே நின்றது. கமலவேணி குரலை உயர்த்தவில்லை. "மாத்திரையை நிறுத்தாதீங்க ஐயா. நாளைக்குக் காலையில வந்து அவரு காலைப் பாருங்க. பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்றாள். போட்ட சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தாள்.

திரும்பி வரும்போது கலியாணசுந்தரம் ஏதாவது சொல்ல வேண்டுமென்று நாலைந்து தடவை தொண்டையைக் கனைத்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. ஆற்று மணலில் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். நடக்க நடக்க முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு நோயை நினைத்தும் அவருக்கு நெஞ்சில் அந்தச் சூடு பரவவில்லை.

மறுநாள் காலையில் விமலநாதன் வந்தார். உமாபதியின் காலில் இருந்த துணிக்கட்டை அவிழ்த்துப் பார்த்தார். கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் போன வண்டி தெரு திரும்புவதற்குள் உமாபதியும் வேறு வண்டியில் ஏறினார். ஆஸ்பத்திரியில் சிறுநீரை நீல மருந்தில் ஊற்றிக் காய்ச்சினார்கள். செங்கல் நிறத்துக்கு வந்தது, சர்க்கரை உச்சத்தில் என்று அர்த்தம். "இன்னும் பத்து நாள் விட்டிருந்தா பாதத்தையே எடுத்திருக்கணும்" என்றார் டாக்டர். சுண்டு விரலை எடுத்ததோடு நிறுத்தினார்.

கலியாணசுந்தரம் லீவு போட்டுவிட்டு வார்டிலேயே கிடந்தார். மூன்றாம் நாள் உமாபதி, "நீ இன்னாபா பண்ணுவே, என் நல்லதுக்குத்தானே சொன்னே" என்று அவர் கையைப் பிடித்தார். கலியாணசுந்தரம் வராந்தாவுக்குப் போய் அழுதார். அங்கே ஒருவர் இருமிக்கொண்டிருந்தார். கலியாணசுந்தரம் வாயைத் திறக்கவில்லை. முழுசாகப் பதினோரு நாள் அவர் வாயைத் திறக்கவில்லை.

தை பிறந்தபோது உமாபதி தறியில் உட்கார்ந்தார். ஊசியும் மாத்திரையுமாகப் புண் ஆறியிருந்தது. அதைக் கண்ணால் பார்த்த கலியாணசுந்தரத்துக்கு இப்போது வாழ்க்கையில் முதல் முதலாக ஒரு நிஜமான சாட்சி, அதுவும் சொந்தத் தெருவிலேயே கிடைத்துவிட்டது. அவரை யார் நிறுத்த முடியும்? நூல் கடையில் ஒருவர் முதுகு வலி என்றார். "வெள்ளை மாத்திரைபா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நம்ம உமாபதிக்கு நடந்ததை நானே நேர்ல பார்த்தேன்!"

"எனக்குச் சர்க்கரை இல்லையே?"

"அது வந்ததுக்கப்புறம் சாப்பிட்டு இன்னா பிரயோஜனம்?"

நல்லவேளையாக அந்தப் பக்கம் கமலவேணி நூல் வாங்க வந்தாள்.

நீங்கள் இப்படிப்பட்டவர் அல்ல. படித்தவர், எதையும் விசாரிக்காமல் சொல்ல மாட்டீர்கள். ஆனாலும் நாளைக்கே யாராவது உங்களிடம் நாவல் கொட்டையைப் பற்றிப் பேச்செடுத்தால் சும்மா இருப்பீர்களா? "ஐயையோ, காஞ்சிபுரத்தில் ஒருத்தருக்கு அதனால் காலையே எடுத்துட்டாங்க, எனக்கு நல்லாத் தெரியும்" என்பீர்கள். மேலே கதையில் எடுத்தது சுண்டு விரலை மட்டும். வேண்டுமானால் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.